குழந்தை மருத்துவர் சங்கத்தின் குரல் மருந்துக் கடை வரை கேட்க வேண்டும்: ஐஏபி தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுச் செயலர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு மாநிலக் கிளையின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் தென் தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்தில் கிளினிக் வைத்திருக்கும் குழந்தை மருத்துவர். ஐஏபி என்று நாம் எல்லோரும் சொல்லும் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் ஆயுள் உறுப்பினர். இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி நவி மும்பை தலைமை அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். தமிழில், எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம் இருக்கிறது. நான் கேட்கப் போகும் விஷயங்கள் மருத்துவர்களுக்குள் பேசி முடிக்க வேண்டியவை இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மருந்துக் கடை வாசலில் நிற்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் சார்பில் ஒரு சங்கம் என்ன செய்ய முடியும், என்ன செய்யாமல் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.

முதலில் நம் கழகத்தின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லிவிடுகிறேன். 1963இல் இரண்டு அமைப்புகள் ஒன்றாகி உருவான சங்கம் இது. இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். போலியோ ஒழிப்பில் அரசோடு தோள் கொடுத்து நின்றவர்கள் நாம். 2011 ஜனவரியில் ஹவுராவில் கடைசி நோயாளி, 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று. அந்த வேலையில் சொட்டு மருந்துப் பெட்டியோடு தெருத்தெருவாகப் போனவர்களில் நம் உறுப்பினர்களும் உண்டு. பிறந்தவுடன் அழாத குழந்தையை முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுவிட வைப்பது எப்படி என்று நாம் நடத்தும் 'முதல் பொன் நிமிடம்' பயிற்சியில் லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களும் மருத்துவர்களும் கற்றிருக்கிறார்கள். என் ஊர் அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் அதைக் கற்ற செவிலியர் கையால் பிழைத்த குழந்தைகள் இப்போது என்னிடம் தடுப்பூசிக்கு வருகிறார்கள். இதையெல்லாம் செய்து காட்டிய அமைப்பு என்பதால்தான் அதனிடம் அதிகமாகக் கேட்கத் தோன்றுகிறது.

இனி இருமல் மருந்துக்கு வருகிறேன்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பராசியா பகுதியில், சாதாரணக் காய்ச்சல், சளி என்று மருத்துவரிடம் போன குழந்தைகளுக்குச் சில நாட்களில் சிறுநீர் நின்றுபோனது. நாக்பூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டயாலிசிஸ் செய்தும் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 20க்கும் மேற்பட்ட குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா தொழிற்சாலையில் தயாரானது. அக்டோபர் முதல் நாள் மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொழிற்சாலையில் மாதிரி எடுத்து ஓரிரு நாளில் சோதித்துச் சொன்னது: எஸ்ஆர்-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விஷம்.

டைஎத்திலீன் கிளைக்கால் என்றால் என்ன என்று குழந்தை மருத்துவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோருக்காகச் சொல்கிறேன். அது தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். இனிப்பாக இருக்கும். மருந்தைக் கரைக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் பார்வைக்கு இதைப்போலத்தான் இருக்கும். மலிவான, தொழிற்சாலைத் தரச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இது மருந்துக்குள் வந்துவிடும். சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். அமெரிக்காவில் 1937இல் ஒரு மருந்தில் இது கலந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. நம் நாட்டில்? 1972இல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜேஜே மருத்துவமனையில் 14 பேர். 1998இல் குருகிராம் பகுதியில் 33 குழந்தைகள். 2020இல் ஜம்முவின் ராம்நகரில் குறைந்தது 12 குழந்தைகள். 2022இல் நம் நாட்டுச் சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டு காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள், அதே ஆண்டில் உஸ்பெகிஸ்தானிலும் குழந்தைகள். அதன் பிறகு சிந்த்வாரா. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே விஷம், ஒரே மாதிரி மரணம்.

இதில் கட்டுப்பாட்டுத் துறைகளின் தவறு முதன்மையானது. சுங்குவார்சத்திரம் தொழிற்சாலையில் ஆய்வு செய்தவர்கள் 350க்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டார்கள். அவ்வளவு குறையும் ஒரே வாரத்தில் முளைத்திருக்க முடியாது. 2011இலிருந்து உரிமம் வைத்திருந்த நிறுவனம் அது. உரிமம் ரத்தானதும், உரிமையாளர் கைதானதும், மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் எல்லாம் குழந்தைகள் இறந்த பிறகு. சரி, அது அரசின் பக்கம். நம் பக்கம் என்ன?

அந்தக் குழந்தைகளுக்கு அந்தச் சிரப் தேவைப்படவே இல்லை என்பதுதான் நம் பக்கம். விஷம் கலக்காத, தரமான கோல்ட்ரிஃப்பாக இருந்திருந்தாலும் தேவைப்பட்டிருக்காது. பாராசிட்டமால், ஃபீனைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மூன்றும் கலந்த மருந்து அது. இதில் ஃபீனைல்எஃப்ரினை வாய் வழியாகக் கொடுத்தால் மூக்கடைப்புக்குப் பயன் இல்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. சிந்த்வாராவுக்கு இருபது மாதம் முன்பு. அந்த உத்தரவு எத்தனை மருத்துவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது? எத்தனை மருந்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும்? நாற்பதாயிரம் உறுப்பினர்கள் உள்ள நம் கழகம் அன்றே அதைக் கையில் எடுத்து, ஊர் ஊராக, கிளை கிளையாக, ஒவ்வொரு கிளினிக்கின் சுவரிலும் ஒட்டியிருந்தால் பராசியாவில் சில சீட்டுகளாவது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். இப்படி நினைத்துப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்தியச் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் ஒரு அறிவுரை வெளியிட்டது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை இல்லை. இது நம் மூத்த நிபுணர்கள் வகுப்பறையிலும் மாநாட்டு மேடையிலும் வருடக்கணக்காகச் சொல்லி வந்ததுதான். அறிவு நம்மிடம் இருந்தது. அது மேடையை விட்டு இறங்கி மருந்துக் கடை வரை நடந்து போகவில்லை.

கிளினிக்கில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களில் பலர் பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் வேலை பார்க்கிறவர்கள். அங்கே வரும் பெற்றோருக்கும் இங்கே வரும் பெற்றோருக்கும் வித்தியாசம் உண்டு.

"நாலு நாளா மூக்கு ஒழுகுது டாக்டர், நெஞ்சு கர்கர்னு இருக்கு" என்று ஒரு பாட்டி இரண்டு வயதுப் பேரனோடு வருவார். நான் பார்ப்பேன். நெஞ்சு சுத்தமாக இருக்கும். மூச்சு வேகம் சரியாக இருக்கும். பிள்ளை சிரித்து விளையாடும். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, காய்ச்சல் அடித்தால் எடைக்குத் தக்க பாராசிட்டமால், வெதுவெதுப்பான நீர், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் தாய்ப்பால், ஒரு வயது தாண்டியிருந்தால் ராத்திரி அரை ஸ்பூன் தேன். மூச்சு இழுத்தால், நெஞ்சு குழி விழுந்தால், சாப்பிட மறுத்தால், சிறுநீர் குறைந்தால் உடனே வரச் சொல்வேன். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்பார்: "சளிக்கு டானிக் ஒண்ணும் எழுதலையா?"

வேண்டாம் என்று விளக்க எட்டு, பத்து நிமிடம் ஆகும். வெளியே முப்பது பேர் காத்திருப்பார்கள். விளக்கிவிட்டாலும் பாட்டி நேரே எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் போவார். அங்கே ஒரு சிரப் கிடைக்கும். அடுத்த தடவை அவர் என்னிடம் வராமல் கேட்டதை எழுதிக் கொடுக்கும் இன்னொருவரிடம் போய்விடுவார். என்னைப் போல எத்தனையோ பேர் இந்தச் சண்டையைத் தினமும் தனியாகப் போடுகிறோம். சிலர் அலுத்துப்போய் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்துப் பிரதிநிதி வாரம் தவறாமல் வருகிறார், மேசை மேல் மாதிரி பாட்டில் இருக்கிறது, பெற்றோர் கேட்கிறார்கள். எதிர்த்து நிற்க ஒருவருக்குத் துணை வேண்டும்.

அந்தத் துணையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஐஏபியின் பெயரும் முத்திரையும் போட்ட ஒரு பலகை, நல்ல தமிழில், பெரிய எழுத்தில்: "ஐந்து வயதுக்குக் கீழே சளி, இருமல் சிரப் வேண்டாம். இந்த மருத்துவர் எழுதாதது உங்கள் குழந்தையின் நன்மைக்காகத்தான்." என் கிளினிக்கில், எதிரே இருக்கும் மருந்துக் கடையில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், அங்கன்வாடியில். ஒரு நிமிட ஒலிப்பதிவாக உள்ளூர் வானொலியில், பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில். மருந்து வணிகர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, சீட்டு இல்லாமல் குழந்தைகளுக்குச் சிரப் கொடுப்பதில்லை என்று ஒரு உடன்பாடு. இதற்கு ஆகும் செலவு ஒரு தேசிய மாநாட்டின் செலவில் ஒரு சிறு பகுதிகூட இருக்காது.

சிந்த்வாராவில் அந்தச் சிரப்பை எழுதிய மருத்துவர் கைதானபோது மருத்துவர் அமைப்புகள் கண்டித்தன. விஷம் கலந்தது தயாரித்தவரின் குற்றம், சோதிக்காமல் விட்டது கட்டுப்பாட்டுத் துறையின் குற்றம்; சீட்டு எழுதியவரைப் பிடித்து உள்ளே வைத்தால் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள் என்ற வாதத்தில் எனக்கும் உடன்பாடுதான். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தக் கண்டன அறிக்கையைப் படித்தால் என்ன நினைப்பார்? நம் ஆளைக் காப்பாற்ற ஒரே நாளில் குரல் வந்ததே, என் பிள்ளைக்காக எப்போது வந்தது என்று கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. மருத்துவரைப் பாதுகாக்கும் அறிக்கையில் தேவையில்லாத சிரப் எழுதும் பழக்கத்தை நாம் நிறுத்துகிறோம் என்ற வரியும் இருக்க வேண்டும், அதே அழுத்தத்தோடு.

அப்புறம் ஓஆர்எஸ், அதாவது பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்.

இதைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பெருமையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் பங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் ஒரு குழந்தை மருத்துவர். அவர் இறந்த பிறகு 2023இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான குழந்தைகளைப் பேதியிலிருந்து காப்பாற்றிய அந்தக் கலவை நம் மண்ணில், நம் துறைக்காரர் ஒருவரின் கையில் நிலைபெற்றது. அதன் இன்றைய அளவு எல்லோருக்கும் தெரிய வேண்டியது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸ் இதைவிட அதிகமானால் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். உப்பு குறைந்தால் உடம்பு இழந்ததை ஈடுகட்ட முடியாது.

அந்த மூன்று எழுத்துகளைப் பெயரில் வைத்துக்கொண்டு, இதைவிடப் பல மடங்கு சர்க்கரை போட்ட ஆப்பிள், ஆரஞ்சு பானங்களை அட்டைப் பெட்டிகளில் அடைத்து மருந்துக் கடைகளில் விற்றார்கள். மருந்துக் கடையில் விற்பதால் மருந்து என்றே நினைத்து மக்கள் வாங்கினார்கள். பேதியோடு வரும் குழந்தையின் அம்மா "ஓஆர்எஸ் கொடுத்தேன் டாக்டர், நிக்கவே இல்ல" என்று சொன்னால் எந்த ஓஆர்எஸ் என்று கேட்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பையிலிருந்து அந்தப் பெட்டி வெளியே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாக்கெட்டை விட்டுவிட்டு, கூலி வேலைக் காசில் வாங்கிய பெட்டி.

ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் போராடினார். கடிதங்கள் எழுதினார், 2022இல் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார், கேமரா முன்னால் அழுதார். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஏப்ரலில் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. சில மாதத்திலேயே, இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் இல்லை என்று சிறு எழுத்தில் போட்டுக்கொண்டு விற்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. கடைசியில் 2025 அக்டோபர் 14ஆம் தேதி அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அவர் ஜெயித்தார். நாமும் சந்தோஷப்பட்டோம், குழுக்களில் வாழ்த்துச் சொன்னோம்.

தலைமையிடம் நான் நேராகக் கேட்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் ஜூலை கடைசி வாரத்தை நாம் ஓஆர்எஸ் வாரமாகக் கொண்டாடுகிறோம். பதாகை கட்டுகிறோம், ஊர்வலம் போகிறோம், போட்டி வைக்கிறோம். அந்த எட்டு ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் பெட்டிகள் மருந்துக் கடை அலமாரியில் இருந்தன. கழகத்தின் முத்திரையோடு, கழகத்தின் வழக்கறிஞரோடு, கழகமே வழக்குத் தொடுத்திருந்தால் ஒரு தனிப் பெண் மருத்துவர் அவ்வளவு காலம் அதைச் சுமந்திருக்க வேண்டியிருக்காது. உள்ளே கடிதங்கள் போயிருக்கலாம், கூட்டங்களில் பேசியிருக்கலாம். பொதுமக்கள் காதில் விழுந்தது அவர் குரல் மட்டும்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று பணம்.

நம் கழகத்தின் ஆண்டுத் தேசிய மாநாடான பெடிகான் பெரிய விஷயம். கொச்சியில் 2024இல், ஹைதராபாத்தில் 2025இல் என்று ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள், அங்கே இளம் மருத்துவர்கள் கற்பதும் அதிகம். ஆனால் மாநாட்டுக் கூடத்தின் நீள அகலம் முழுக்க நிறுவனங்களின் கடைகள். பதிவுக் கட்டணத்தில் மட்டும் இப்படி ஒரு மாநாடு நடக்காது என்று எனக்குத் தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தோடு வாங்குவதாக நான் சொல்லவில்லை. ஆனால் சிரப் விற்பவர் பணத்தில் நடக்கும் மேடையில் நின்று சிரப் வேண்டாம் என்று உரக்கச் சொல்வது யாருக்கும் சுலபமாக இருக்காது.

இந்தக் கஷ்டத்தை நம் கழகம் ஏற்கெனவே ஒரு தடவை தாண்டிக் காட்டியிருக்கிறது. குழந்தைப் பால் பவுடர் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1992இல் வந்தது. 1990களின் பிற்பகுதியில் நம் பொதுக்குழு, அந்தச் சட்டத்துக்குள் வரும் பொருட்களைத் தயாரிக்கும் நிறுவனங்களிடம் எந்த வடிவிலும் ஆதரவு வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. பெரிய வருமானம் போனது. மாநாடுகள் நின்றுவிடவில்லை. தாய்ப்பாலைப் பற்றி நாம் பேசும்போது யாரும் நம் வாயை அடைக்க முடியாத நிலை வந்தது. அந்த முடிவை எடுத்தவர்களை நினைத்து இன்றும் தலை நிமிர்கிறேன்.

அதே முடிவை இப்போது விரிக்க வேண்டும். சளி இருமல் கலவை மருந்து, சர்க்கரைப் பானம், உயரம் கூட்டும், மூளையை வளர்க்கும் என்று விளம்பரம் செய்யும் ஊட்டச்சத்துப் பொடி ஆகியவற்றுக்காக வரும் பணம் ஐஏபியின் எந்த மேடைக்கும் வேண்டாம், அது தேசிய மாநாடானாலும் மாவட்டக் கிளைக் கூட்டமானாலும் சரி. தடுப்பூசி நிறுவனங்களின் பணம் வாங்கினால் எவ்வளவு, எதற்கு என்பது பொதுவில் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தடுப்பூசிப் பரிந்துரை அட்டவணை போடும் அமைப்பு நாம்; அந்த அட்டவணையை ஒரு பெற்றோர்கூடச் சந்தேகப்பட இடம் தரக் கூடாது.

இன்னொரு காரணம் ஒரு வருடத் தலைமை.

நம் தலைவர் பதவி ஒரே ஆண்டு. தேர்வாகி ஒரு வருடம் காத்திருக்கிறார், ஒரு வருடம் ஆள்கிறார், போய்விடுகிறார். அந்த ஒரு வருடத்துக்குள் தன் பெயர் சொல்ல ஒரு செயல்திட்டம் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. நல்ல திட்டங்களே வந்திருக்கின்றன. 2021இல் டாக்டர் பியூஷ் குப்தா தலைமையில் பெற்றோருக்கான வழிகாட்டிகள் உருவாயின. குழந்தையின் தூக்கம், காய்ச்சல், உணவு, திரை நேரம் என்று பெற்றோர் கேட்கும் கேள்விகளை எடுத்துப் பதில் எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. 2022இல் டாக்டர் ரமேஷ் குமார் காலத்தில் ஒவ்வொரு நோய்க்கும் நிலையான சிகிச்சை வழிகாட்டிகள் வந்தன. 2023இல் டாக்டர் உபேந்திர கிஞ்சவடேகர் பள்ளிகளுக்குப் போகும் ஆரோக்கியத் திட்டத்தைத் தொடங்கினார். ஒவ்வொன்றும் பத்து ஆண்டுகள் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஜனவரி வந்தால் புதுத் தலைவர், புது முழக்கம், புது இலச்சினை. போன வருட வேலையைக் கொண்டுபோக ஆள் குறைந்துவிடுகிறது. அந்தப் பெற்றோர் வழிகாட்டியைப் பார்த்தேன் என்று என்னிடம் வரும் பெற்றோரில் ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

மருந்து நிறுவனத்தையோ ஆணையத்தையோ எதிர்த்து ஒரு விஷயத்தை முடிக்க எட்டு ஆண்டு ஆகும் என்று டாக்டர் சிவரஞ்சனியின் கதை சொல்கிறது. ஒரு வருடத் தலைவர் அதைத் தொடங்கவே தயங்குவார். அதனால் தலைவர் மாறினாலும் மாறாத ஒரு குழு வேண்டும். குழந்தைகளின் மருந்துப் பாதுகாப்புக்கு என்றே ஐந்து ஆண்டுக் காலத்துக்கு, தனி நிதியோடு, ஒரு வழக்கறிஞரோடு, மொழிக்கு ஒருவராகப் பேசத் தெரிந்தவர்களோடு. நிறுவனங்களிடம் எந்தக் கட்டணமும் வாங்காதவர்கள் மட்டும் அதில் இருக்க வேண்டும்.

அந்தக் குழு உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2020இல் ராம்நகர்க் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவமனைக்கு வந்தபோது அங்கே இருந்த மருத்துவர்கள்தான் இருமல் மருந்தைச் சந்தேகித்தார்கள். 2025இல் நாக்பூரிலும் ஒரே பகுதியிலிருந்து, ஒரே மாதிரி, குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். முதல் சாவுக்கும் சிரப் தடைக்கும் நடுவில் சுமார் ஒரு மாதம் ஓடிவிட்டது. காரணம் தெரியாத சிறுநீரகச் செயலிழப்போடு இரண்டு குழந்தைகள் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தால் எந்த உறுப்பினரும் அன்றைக்கே சொல்ல ஓர் எண், அதைக் கேட்டு அன்றைக்கே மற்ற மாவட்டங்களில் விசாரிக்க ஆட்கள், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைத் தூங்கவிடாமல் துரத்த ஒருவர். நாற்பதாயிரம் கண்கள் நாடு முழுக்க இருக்கும் அமைப்புக்கு இது முடியாத காரியம் இல்லை. காசியாபாத்திலிருந்து நடக்கும் அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இலிருந்து இருக்கிறது. 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. மருந்தால் பக்க விளைவு வந்தால் மருத்துவர் மட்டுமில்லை, பெற்றோரே அழைத்துச் சொல்லலாம். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது அதில் பதிந்திருக்கிறோம் என்று மாவட்டக் கிளைகள் கேட்டுப் பார்க்கட்டும்.

தமிழ்நாடு மாநிலக் கிளைக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்தச் சிரப் நம் மாநிலத்தில் தயாரானது. கண்டுபிடித்துச் சொன்னதும் நம் மாநிலத்துத் துறைதான். அந்த வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் அந்தத் தொழிற்சாலை அத்தனை ஆண்டுகள் அந்த நிலையில் இயங்கியதும் இங்கேதான். குழந்தைகளுக்கான திரவ மருந்து தயாரிக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் எப்போது ஆய்வு நடந்தது, என்ன கண்டார்கள், எந்தத் தொகுதி தேறவில்லை என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று நீங்கள் மாநில அரசிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்டதை எங்களுக்கும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தேவையான மனுவை எழுத, அலைய, காத்திருக்க நானும் வருகிறேன். என்னோடு பேசிய பல சிறு நகர மருத்துவர்களும் வரத் தயாராக இருக்கிறார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவரப் போகிறேன்: நிறுவனப் பணம் பற்றிய தடையை விரிப்பது, ஐந்தாண்டு மருந்துப் பாதுகாப்புக் குழு, ஐந்து வயதுக்குக் கீழே சிரப் வேண்டாம் என்ற பலகையைத் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு உறுப்பினரின் கிளினிக்குக்கும் அனுப்புவது. விதிப்படி முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். வழிமொழிய விரும்பும் உறுப்பினர்கள் தங்கள் மாவட்டக் கிளைச் செயலரிடம் இந்த மடலைக் காட்டிச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலில் இவற்றுக்கு இடமும், பேச எனக்குப் பத்து நிமிடமும் ஒதுக்கித் தரும்படி பொதுச் செயலர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஐஏபி ஆயுள் உறுப்பினர் ஒருவர்,
தென் தமிழ்நாடு